நியூகாசிலில் ‘கேனி’ என்றால் பாராட்டா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் நியூகாசிலில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நீங்கள் முடித்துக் கொடுத்த வேலையைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் “தட்ஸ் கேனி, தட்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அகராதியைப் பிரித்தால் ‘கேனி’ (canny) என்பதற்குச் சூழ்ச்சித் திறன், காசில் கெட்டி என்ற வகையில் பொருள் இருக்கிறது. பாராட்டினாரா, குத்திக் காட்டினாரா என்று புரியவில்லை. அதே சொல்லுக்கு முன்னால் ‘அன்’ சேர்த்து ‘அன்கேனி’ (uncanny) என்றால் அமானுஷ்யம் என்கிறார்களே, அது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, கிளாஸ்கோவில் இருக்கும் நண்பர் “ஐ கேனி கம்” என்று செய்தி அனுப்பியது இன்னும் குழப்பிவிட்டது.

இருபது வருடத்துக்கு மேலாக ஆங்கில மொழி வரலாறு பாடம் எடுக்கிறேன். அதில் மூன்று வருடம் ஆராய்ச்சிக்காக டர்ஹமில் தங்கியிருந்தேன், நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான். இந்தச் சொல்லோடு எனக்கு நீண்ட நாள் பழக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் கவலைக்குப் பதில்: அது பாராட்டு, அதுவும் நல்ல பாராட்டு. டைன் ஆற்றங்கரையில், நார்தம்பர்லாந்திலும் டர்ஹமிலும் ‘கேனி’ என்றால் நன்றாக இருக்கிறது, மனசுக்குப் பிடிக்கிறது என்றுதான் பொருள். அந்த ஊர்க்காரர்கள் புகழ்ச்சியை அளந்துதான் கொடுப்பார்கள். ‘அற்புதம்’, ‘பிரமாதம்’ எல்லாம் அவர்கள் வாயில் எளிதில் வராது. ‘கேனி’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருக்கு உங்கள் வேலை உண்மையிலேயே பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் பார்த்த அகராதியில் தவறு எதுவும் இல்லை. அது லண்டன் பக்கத்துப் பொது ஆங்கிலத்தின் பொருளைத் தந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உச்சரிப்பையும் கவனித்திருப்பீர்கள். தெற்கே ‘கேனி’ என்று ஒலிப்பது வடக்கே ஏறக்குறைய நம் ‘கன்னி’ போலவே காதில் விழும். அந்தக் கன்னிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. எழுத்தில் குழப்பம் வராமல் இருக்க நான் ‘கேனி’ என்றே எழுதுகிறேன்.

அங்கே இந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தால் பொருள் பிடிபட்டுவிடும். ஆளைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் வந்தால் நல்ல மனசுக்காரர் என்று பொருள். ‘கேனி லேட்’ என்றால் தங்கமான பையன், ‘கேனி பேர்ன்’ என்றால் சமர்த்துக் குழந்தை. அளவைச் சொல்லும்போது கணிசமாக என்று அர்த்தம். ‘எ கேனி ஃப்யூ’ என்றால் நாலைந்து பேர் இல்லை, ஓரளவு நல்ல கூட்டம். குளிர், தூரம் மாதிரி ஒன்றுக்கு முன்னால் வந்தால் ‘நல்லாவே’ என்ற வேலையைச் செய்யும். நாம் ‘நல்ல குளிர்’ என்கிறோமே, அந்தக் குளிரில் நல்லது ஒன்றும் இல்லை. அதே மாதிரிதான் இதுவும். வினைச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் பார்த்து, நிதானமாக என்று மாறிவிடும். விடைபெறும்போது ‘கன் கேனி’ என்பார்கள் (‘கன்’ என்பதில் வரும் ககரத்தைக் கங்கையின் முதல் எழுத்துப் போல ஒலிக்க வேண்டும், ‘போ’ என்று பொருள்). மதுரை, நெல்லைப் பக்கம் ‘சூதானமாப் போ’ என்று சொல்லி அனுப்புவதை அப்படியே அதற்கு நேராக வைக்கலாம்.

எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குள் போனால் எடை மாறுகிறது. அங்கே நிதானம், முன்யோசனை, எதிலும் அவசரப்பட்டுக் கை வைக்காத குணம் இவைதான் முதலில் நிற்கும். நம் ஊரில் ‘ஆள் விவரமானவர்’ என்கிறோமே, அதற்கு மிக அருகில் வரும். இந்த விவரத்தைத் தெற்கத்திக்காரர்கள் வெளியிலிருந்து பார்த்து, ஸ்காட்லாந்துக்காரர் என்றாலே பைசாவை எண்ணுகிறவர் என்று ஒரு சித்திரத்தை உருவாக்கி, அதன் மேல் ‘கேனி ஸ்காட்’ என்ற பெயரை ஒட்டினார்கள். அகராதியில் நீங்கள் பார்த்த ‘காசில் கெட்டி’ அங்கிருந்துதான் வருகிறது. ஒரு மக்கள் தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட சொல்லை அடுத்த ஊர்க்காரர் கேலிப் பெயராக மாற்றியது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். ஸ்காட் மொழிக்குள் இந்தச் சொல்லுக்கு இருக்கும் மரியாதையே வேறு.

இனி வேர். இதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டை கிடையாது. முடியும் என்று பொருள்படும் ‘கேன்’ என்ற வினைச்சொல்லோடு, இனிப்பு இனிப்பான என்று ஆவது போல ஒரு பெயரடை விகுதி சேர்ந்து உருவானது இது. ஆனால் ‘கேன்’ என்பதற்கு முதல் பொருள் ‘முடியும்’ அல்ல, ‘தெரியும்’. பழைய ஆங்கிலத்தில் ‘குன்னன்’ என்றால் அறிதல். அதிலிருந்து, செய்யத் தெரியும் என்று வந்து, பிறகு செய்ய முடியும் என்று நின்றது. ஆங்கில மாணவர்களுக்கு இதை விளக்க நேரம் எடுக்கும். தமிழில் ஒரு வாக்கியம் போதும்: ‘எனக்கு நீச்சல் தெரியும்.’ நாம் அறிவைச் சொல்கிறோமா, திறமையைச் சொல்கிறோமா? இரண்டையும்தான். ‘கேன்’ பிறந்தது அந்த இடத்தில்தான். ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் தெரியும் என்பதற்குச் சொல்லும் ‘கென்’, பொது ஆங்கிலத்தின் ‘நோ’ (எழுத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் ககரம் ஒரு காலத்தில் ஒலித்தது), தந்திரம் என்று பொருள்படும் ‘கன்னிங்’ எல்லாம் இதே குடும்பம்.

இந்தக் குடும்பம் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியில் அறிதலுக்கு இருந்த வேர் கிரேக்கத்தில் ‘க்னோசிஸ்’ என்றும், சமஸ்கிருதத்தில் ‘ஜ்ஞா’ என்றும் கிளைத்தது. ஜெர்மானிய மொழிகளில் பழைய மெல்லோசைக் ககரம் வல்லோசைக் ககரமாக இறுகியதால் அங்கே ‘குன்’ என்ற வடிவம் கிடைத்தது. அந்த ‘ஜ்ஞா’விலிருந்து வந்த ‘ஜ்ஞான’த்தைத் தமிழ் ‘ஞானம்’ என்று கடன் வாங்கிக்கொண்டது. ஆக, உங்கள் மேற்பார்வையாளர் சொன்ன ‘கேனி’யும் நாம் சொல்லும் ‘ஞானம்’, ‘விஞ்ஞானம்’ இரண்டும் தூரத்து உறவினர்கள். ஒலியில் ஒற்றுமை இருக்கிறது என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. ஒலி ஒற்றுமை பெரும்பாலும் ஏமாற்றும், மேலே சொன்ன கன்னி அதற்கு உதாரணம். இது ஒழுங்கான ஒலி மாற்ற விதிகளால் நிறுவப்பட்ட உறவு.

‘தெரிந்தவர்’ என்ற இந்த மையத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற பொருள்கள் தாமாக அவிழும். வடக்கத்திப் பேச்சில் பிரசவம் பார்க்கும் பெண்ணுக்குக் ‘கேனி வைஃப்’ என்று ஒரு பெயர் இருந்தது. ‘வைஃப்’ என்பது இங்கே மனைவி அல்ல, பெண் என்ற பழைய பொருள். பிரெஞ்சில் மருத்துவச்சிக்கு ‘சாஜ் ஃபாம்’, அதாவது அறிவுள்ள பெண் என்று பெயர். அதே எண்ணம்தான். ஆபத்தான நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த கை அவளுடையது. பிள்ளை பிறக்கும் நேரத்தையே ‘கேனி மொமென்ட்’ என்றார்கள். அங்கே நல்ல வேளை, நற்சகுனம் என்ற பொருளும் கூடவே வந்துவிட்டது. தெரிந்தவர் கை பட்டால் நல்லபடியாக முடியும் என்ற நம்பிக்கைதான் இந்தச் சொல்லின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

அதே அறிவுக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1808-இல் ஜான் ஜேமீசன் வெளியிட்ட ஸ்காட் மொழி அகராதியில், இயற்கைக்கு மீறிய வழியில் அறிவு பெற்றவர் என்றும் ‘கேனி’க்குப் பொருள் இருக்கிறது. இங்கிலாந்துக் கிராமங்களில் மந்திரித்துவிடுகிறவர்களை, தொலைந்த பொருளைச் சொல்லுகிறவர்களைக் ‘கன்னிங் மேன்’ என்று அழைத்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ‘கன்னிங்’ அப்போது கெட்ட சொல் அல்ல. 1611-இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் 137ஆம் சங்கீதத்தில், எருசலேமை மறந்தால் என் வலதுகை தன் ‘கன்னிங்’கை மறக்கட்டும் என்று வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ‘தொழில்’ என்று இருக்கிறது. கைத்தொழிலின் அறிவு என்று இருந்த சொல் தெற்கே போகப் போகச் சூது என்று சரிந்துவிட்டது. ஒரே வேரில் பிறந்த ‘கேனி’ வடக்கே மானத்தோடு பிழைத்துக்கொண்டது.

சரி, ‘தெரிந்தவர்’ என்பதிலிருந்து ‘இனிமையானவர்’ என்பதற்கு எப்படி வந்தார்கள்? இங்கேதான் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 17ஆம் நூற்றாண்டிலும் ஸ்காட்லாந்து எழுத்துகளில் இந்தச் சொல் புழங்குகிறது, அங்கே எச்சரிக்கை, மதிநுட்பம் என்ற பொருள்கள் தெரிகின்றன என்பது உறுதி. 1825-இல் ஜான் டிராட்டர் ப்ராக்கெட் வடநாட்டுச் சொற்களைத் தொகுத்தபோது, இதை நியூகாசிலின் அசல் சொல் என்றே குறித்து, எதிலும் சிறந்ததைச் சொல்வது, குறிப்பாக வீட்டில் கூட இருக்க இதமாக இருக்கும் மென்மையான சுபாவத்தைச் சொல்வது என்று விளக்கியிருக்கிறார். ஆக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இனிமைப் பொருள் அங்கே வேரூன்றிவிட்டது. இதுவும் உறுதி. நடுவில் நடந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காட்டும் எழுத்து ஆதாரம் போதுமான அளவு இல்லை. பேச்சில் நடந்தது எல்லாம் ஏட்டில் ஏறுவதில்லை.

ஆனால் பக்கத்து வீட்டைப் பார்த்து ஒன்றை ஊகிக்கலாம். அறிதல் என்ற அதே வினையின் இறந்தகால எச்சம் ‘கூத்’, அதாவது அறியப்பட்ட. ஸ்காட்லாந்தில் அதிலிருந்து ‘கூதி’ என்று ஒரு சொல் வந்தது. பழகியவர், மனசுக்கு நெருக்கமானவர், வீட்டுத்தனமானவர் என்று பொருள். (தமிழ்க் காதுக்கு அது சங்கடமான ஒலி, எழுத்தில் தவிர்க்க முடியவில்லை, மன்னிக்கவும்.) அதன் எதிர்ச்சொல் ‘அன்கூத்’ முதலில் அறியாதது என்றிருந்து, பொது ஆங்கிலத்தில் நாகரிகம் தெரியாதது என்று ஆனது. ஸ்காட்லாந்தில் அதே சொல் ‘அன்கோ’ என்று தேய்ந்து, முதலில் விசித்திரமான என்றும் பிறகு ‘ரொம்ப’ என்றும் பொருள் கொண்டது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 18ஆம் நூற்றாண்டில் ‘அன்கோ கைட்’ என்று எழுதியது, அளவுக்கு மிஞ்சி ஒழுக்கம் காட்டுகிறவர்களைப் பற்றித்தான். பாருங்கள், ஒரே குடும்பத்தில் ஒரு சொல் ‘தெரிந்தது’ என்பதிலிருந்து ‘இதமானது’ என்று போயிருக்கிறது, இன்னொன்று ‘ரொம்ப’ என்று அழுத்தம் கொடுக்கும் சொல்லாகியிருக்கிறது. ‘கேனி’ இந்த இரண்டு வழியிலும் நடந்திருக்கிறது. இது நிரூபணம் இல்லை. ஆனால் இந்த வேர் எந்தப் பக்கம் சாயும் சுபாவம் கொண்டது என்பதற்கு நல்ல சாட்சி. எச்சரிக்கையாக இருப்பவர் மற்றவரைக் காயப்படுத்தாமல் பழகுவார், அப்படிப்பட்டவர் பக்கத்தில் இருக்க இதமாக இருக்கும் என்ற வழியில் பொருள் நகர்ந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. நம் ‘பக்குவம்’ என்ற சொல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான், சோற்றுப் பதத்திலிருந்து மனிதரின் குணம் வரைக்கும் வந்திருக்கிறது.

இது வைக்கிங்குகள் கொண்டுவந்த சொல் என்று சிலர் அடித்துச் சொல்வதைப் படித்திருப்பீர்கள். ஓடைக்குச் சொல்லும் ‘பெக்’, குன்றுக்குச் சொல்லும் ‘ஃபெல்’ போன்றவை அப்படி வந்தவைதான், அதனால் எதைப் பார்த்தாலும் வைக்கிங் என்று சொல்லும் ஆசை வருகிறது. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலும் ‘குன்னா’ என்று இதே வினை உண்டு. ஆனால் பழைய ஆங்கிலத்திலேயே அது சொந்தமாக இருக்கும்போது வெளியிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை.

இந்தச் சொல் தொழிலாளர் வரலாற்றிலும் ஒரு பக்கத்தைப் பிடித்திருக்கிறது. ஸ்காட் மொழியில் ‘கா’ என்றால் மாடு, வண்டி ஆகியவற்றை ஓட்டுதல். ‘கா கேனி’ என்றால் பார்த்து ஓட்டு, நிதானமாகப் போ. 1889-இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பழக்கமில்லாத வெளியாட்களைக் கொண்டுவந்து சரக்கு ஏற்ற வைத்தார்கள், போராட்டம் தோற்றது. தொழிலாளர்கள் திரும்ப வேலைக்குப் போகும்போது சங்கத் தலைமை சொன்ன யோசனை இது: அந்த வெளியாட்கள் வேலை செய்த விதம் திருப்தியாக இருந்தது என்கிறார்கள் முதலாளிகள், அப்படியானால் நாமும் அதே மாதிரி, அதே வேகத்தில் செய்வோம். அப்படியே செய்தார்கள். சில நாளில் கேட்ட கூலி கிடைத்தது என்று தொழிற்சங்க வரலாறுகள் சொல்கின்றன. 1890களில் ‘கா கேனி’ என்பது வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யும் போராட்ட முறைக்குப் பெயராகிவிட்டது. பிரான்சில் தொழிற்சங்கப் போராளி எமில் பூஜே 1897-இல் துலூஸ் நகரில் நடந்த தொழிற்சங்க மாநாட்டில் இதை முன்னுதாரணமாகக் காட்டினார். முதலாளிகள் பக்கம் நின்ற லண்டன் பத்திரிகைகளுக்கோ அது வசைச் சொல்லானது. உழைக்கும் கைக்கு அதன் அருமை தெரியும், அந்த அருமைக்குத் தகுந்த விலை வேண்டும் என்று கேட்ட சொல் அது. வேரில் இருக்கும் பொருளுக்கு அது துரோகம் செய்யவில்லை என்பதே என் கருத்து.

இப்போது ‘அன்கேனி’க்கு வருகிறேன். நேர்ச்சொல்லின் பொருள் தெரிந்த பிறகு எதிர்ச்சொல்லில் பேய் எங்கிருந்து வந்தது என்ற வியப்பு பாதி போய்விடும். ‘கேனி’ என்றால் நம்பிக் கை வைக்கலாம், நல்லபடியாக முடியும். ‘அன்கேனி’ அல்லது ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘நோ கேனி’ என்றால் நம்ப முடியாது, கை வைக்காமல் இருப்பதே நல்லது. தொடக்கத்தில் அது பொறுப்பில்லாத, தீங்கு செய்யக்கூடிய என்ற சாதாரணப் பொருள்களில்தான் வந்தது. 18ஆம் நூற்றாண்டில்தான் அமானுஷ்யம் தெளிவாக ஒட்டிக்கொள்கிறது. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரை மீனவர்களிடம் கடலில் சொல்லக் கூடாத சொற்கள் இருந்தன. பன்றி, சாமன் மீன், பாதிரியார் ஆகியவற்றின் பெயரை யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், ‘குளிர்ந்த இரும்பு’ என்று சொல்லி அருகிலிருந்த இரும்பைத் தொடுவார்கள். பாதிரியாரைக் கறுப்புக் கோட்டுக்காரர் என்பார்கள், சாமனைச் சிவப்பு மீன் என்பார்கள். நம்பக் கூடாதது, தொடக் கூடாதது, பெயர் சொல்லக் கூடாதது என்று இந்த எல்லை எங்கே விழுகிறதோ அங்கேதான் ‘அன்கேனி’ நிற்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இது தெற்கே பொது ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அமானுஷ்யப் பொருளை மட்டும் சுமந்துகொண்டு போனது. பெற்ற தாயான ‘கேனி’ தனியாக ‘விவரமான, சிக்கனமான’ என்ற பொருளோடு வேறு வாசல் வழியாகப் போனது. அதனால்தான் அகராதியில் இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை போல உட்கார்ந்திருக்கின்றன. உளப்பகுப்பாய்வின் முன்னோடி சிக்மண்ட் ஃப்ராய்ட் 1919-இல் ‘உன்ஹைம்லிஷ்’ என்ற ஜெர்மன் சொல்லைப் பற்றி எழுதிய கட்டுரையை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர்கள் அதற்கு ‘அன்கேனி’ என்று போட்டார்கள். ஜெர்மன் சொல்லின் வேரில் வீடு இருக்கிறது, ஆங்கிலச் சொல்லின் வேரில் அறிவு இருக்கிறது. அதனால் பொருந்தாத மொழிபெயர்ப்பு என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வடக்கே ‘கேனி’க்குக் கதகதப்பாக, சொகுசாக, வீட்டில் இருப்பது போல என்ற பொருளும் இருந்தது. கணப்புக்குப் பக்கத்தில் ‘கேனி’யாக உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பொருளைக் கேட்டு வளர்ந்த ஒரு வடக்கத்தியருக்கு இது மிக நெருக்கமான மொழிபெயர்ப்பாகவே பட்டிருக்கும். 1970-இல் ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி, மனிதனைப் போலவே இருந்தும் முழுதாக மனிதனாக இல்லாத உருவங்கள் தரும் அருவருப்பைப் பற்றி எழுதியது 1978-இல் ஆங்கிலத்தில் ‘அன்கேனி வேலி’ என்ற பெயரைப் பெற்றது. இன்றைக்குக் கணினித் திரையில் செயற்கை முகங்களைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் நியூகாசில் மேற்பார்வையாளரின் சொல்லைத்தான், தெரியாமல், எதிர்மறையில் பயன்படுத்துகிறார்கள்.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் ஜோசஃப் ரைட்டின் ஆங்கில வட்டாரவழக்கு அகராதியைப் பாருங்கள். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. யார்க்ஷயரில் ஏழை வீட்டில் பிறந்து, ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டி, பிறகு ஆலையில் வேலை பார்த்து, பதினைந்து வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் ஆனார். ஊருக்கு ஊர் இந்தச் சொல் எப்படி மாறுகிறது என்பதை அவர் பிரித்துக் காட்டியிருப்பது போல வேறு இடத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் அது நூறு வருடத்துக்கு முந்தைய பேச்சு. உங்கள் அலுவலகத்தில் இன்று இளைஞர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கு நீங்கள்தான் என்னைவிட நல்ல சாட்சி.

கடைசியில் கிளாஸ்கோ நண்பர். அவர் எழுதிய ‘கேனி’ இந்தச் சொல்லே அல்ல. முடியாது என்பதற்கு ஸ்காட்லாந்தில் ‘கேன்’ உடன் இல்லை என்ற பொருளுள்ள ‘நே’ சேர்த்துச் சொல்வார்கள். கிளாஸ்கோ நாக்கில் அதன் கடைசி ஒலி இகரமாகக் குறுகுவதால் செய்திகளில் அப்படியே எழுதிவிடுகிறார்கள். முன்பாதி மட்டும் இரண்டுக்கும் ஒன்று. அவர் உங்களை வரச் சொல்லவும் இல்லை, புகழவும் இல்லை. தன்னால் வர முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறார்.